பஸ்ஸில் போய்வந்த ரத்தம்

பாசம் பாதி, சண்டை பாதியாகப் பதினான்கு வருடம் என்னோடு ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்ட என் அத்தைக்கு,

வருகிற சனிக்கிழமை உங்கள் முதலாம் ஆண்டுப் பூசை. உங்கள் மகன் கோயிலில் பெயர் கொடுத்துவிட்டார். உங்கள் படம் போட்டு நோட்டீஸும் அடிக்கக் கொடுத்திருக்கிறார். "ஓம் பங்குக்கு நாலு வரி எழுதிக் குடு லீமா" என்றார். மாமியாரைப் பற்றி மருமகள் எழுதினால் ஊர் மெச்சும் என்று அவருக்கு ஆசை. எழுத உட்கார்ந்தேன். இது நாலு வரியில் அடங்குகிற விஷயமா? நோட்டீஸுக்கு அவரே ஏதாவது எழுதிக்கொள்ளட்டும். இது வேறு. இதை ஊர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் மனசு மாறிவிடும். நீங்கள் போவதற்கு மூன்று வாரம் முன்னால், உங்கள் ரத்தத்தில் மெக்னீசியம் 1.6, நார்மல் என்று நான் ரிப்போர்ட் கொடுத்தேன் அல்லவா? அது தப்பு. உண்மையில் இருந்தது 1.2. தப்பு என்று எனக்குத் தெரிந்து ஒன்பது மாதம் ஆகிறது. உங்கள் மகனிடம் சொல்லவில்லை. உங்கள் மகள் அருள்மேரியிடம் சொல்லவில்லை. நம் வீட்டு ஆட்களில் முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள்தான் திருப்பி ஏச முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். என் தைரியம் அவ்வளவுதான்.

ஊர்ச் செய்தி கேட்பீர்கள். இந்த வருடம் திராட்சைக் கவாத்துக்கு ஆள் கிடைக்காமல், நீங்கள் வேலைக்குப் போன தோட்டத்துக்காரர் அலைகிறார். கொடியில் கண் பார்த்து வெட்டுகிற கை உங்களோடு போய்விட்டது என்று என்னிடமே வந்து புலம்புகிறார். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

கல்யாணமான புதிதில் என் வேலை உங்களுக்கு அருவருப்பு. "கண்டவுக ரத்தத்தத் தொட்ட கையி" என்று சொல்லி, சோற்றுப் பானையைத் தொடுமுன் இரண்டு தரம் சோப்புப் போட வைப்பீர்கள். நானும் வீம்புக்கு மூன்று தரம் போடுவேன். பிறகு எப்போது மாறினீர்கள் என்று தெரியவில்லை. தெருவில் யாருக்காவது சீனி கூடினால், "எம் மருமக லேப்புல போய்ப் பாரு, அவ கையி பொய் சொல்லாது" என்று அனுப்பி வைத்தீர்கள். அந்தப் பேச்சு இப்போது என்னை என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்துப்போனதற்காக அதை விட்டுவிட மாட்டேன். பத்து வருடமாக விடிந்ததும் காப்பிக்கு முன்னால் ஒரு கேஸ் மாத்திரை. அது போக பிரஷருக்கு நீர் மாத்திரை. ஒன்று மெக்னீசியத்தைக் குடலில் ஏறவிடாது, இன்னொன்று ஏறினதையும் மூத்திரத்தில் இறக்கிவிடும் என்று எத்தனை தரம் சொன்னேன்? நான் கேஸ் மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்தால், கடையில் வாங்கி முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு தின்றீர்கள். கேட்டால், "ஒன் வயித்துல எரிஞ்சாத் தெரியும்டி" என்பீர்கள்.

முதலில் கெண்டைக்காலில் குறக்களி வந்து சதை சுருட்டிப் பிடித்தது. எண்ணெய் தேய்த்துச் சமாளித்தீர்கள். பிறகு இடது கண்ணிமை நாள் முழுக்கத் துடித்தது. அருள்மேரி வரப்போகிறாள், அதற்குத்தான் துடிக்கிறது என்று சிரித்தீர்கள். கடைசியில் விரல்கள். கவாத்துக் கத்தரியைப் பிடித்த கை தானாக மடங்கி, விரிக்க முடியாமல் நின்றது. அன்றைக்குத்தான் என்னோடு டாக்டரம்மாவிடம் வரச் சம்மதித்தீர்கள்.

டாக்டரம்மா கெட்டிக்காரி. பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் குடித்தும் ஏறவில்லை. உடனே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மெக்னீசியம் இல்லன்னா பொட்டாசியம் ஒடம்புல நிக்காது. அதப் பாத்துட்டு வாங்க" என்று என் கையில்தான் சீட்டைக் கொடுத்தார். யாராவது சரியான கேள்வி கேட்கவில்லை என்றால் அவர்களைத் திட்டலாம். இங்கே கேள்வி சரியாக இருந்தது. பதில்தான் பொய். அதுவும் நம் வீட்டிலிருந்து போன பதில்.

1.6 என்பது நார்மலின் கடைசிப் படி. அதற்கு ஒரு புள்ளி கீழே இருந்தால் சிவப்பில் அடித்து வரும். டாக்டரம்மா பார்த்தார், டிக் போட்டார், "சரி, அப்ப அது இல்ல" என்றார். பொட்டாசியம் மருந்தைக் கூட்டி எழுதினார். வரும் வழியில் நீங்கள் மல்லிகைப்பூ வாங்கி எனக்கு வைத்துவிட்டீர்கள். எம் மருமகளே பார்த்துவிட்டாள், எனக்கு ஒன்றுமில்லை என்று பூக்காரியிடம் பெருமையடித்தீர்கள்.

மூன்று வாரம் கழித்து, பட்டப்பகலில், திராட்சைப் பந்தலுக்குக் கீழே விழுந்தீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் மூச்சு இல்லை. இதயம் துடிப்புத் தவறி நின்றுவிட்டது என்றார்கள். மெக்னீசியமும் பொட்டாசியமும் இறங்கினால் அப்படித் தவறும். ஊர் அதை மாரடைப்பு என்றது. பந்தலுக்குக் கீழே இருந்து எழுந்துவந்து இல்லை என்று சொல்லவா போகிறீர்கள்?

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்தபோது அருள்மேரி வெடித்தாள். கடமலைக்குண்டிலிருந்து வந்ததிலிருந்து அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகள் லேபில் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அம்மாவைக் கொன்றுவிட்டீர்கள் என்று சாப்பாட்டுப் பந்தியிலேயே கத்தினாள். உங்கள் மகன் எழுந்து உள்ளே போனார். அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். "பாரு, நல்லாப் பாரு. எல்லாம் நார்மல். ஆண்டவரு கூப்ட்டாக, ஆத்தா போயிருச்சு. லீமாவ ஏன் பேசுற?"

அருள்மேரி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன் மதினி. என்னைய மன்னிச்சிருங்க" என்றாள். அன்றைக்கு எனக்கு உண்மை தெரியாது, சத்தியமாகத் தெரியாது. அவள் மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். பெரிய மனசு பண்ணி வாங்கினேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த 1.6 எப்படி வந்தது என்று கேளுங்கள்.

நீங்கள் போவதற்கு ஆறு மாதம் முன்னால் எங்கள் லேபில் ஒரு தொல்லை. கம்பத்தில் எங்களிடம் பார்த்தவர்கள் மறுவாரம் கம்பத்திலேயே ரத்தம் கொடுத்து, பஸ்ஸில் தேனிக்கு அனுப்பி, அங்கே ஒரு பெரிய லேபில் பார்ப்பார்கள். மெக்னீசியம் அங்கே எப்போதும் கூட வரும். தாளை எடுத்துக்கொண்டு எங்களிடம் சண்டைக்கு வருவார்கள். எங்களுடையது சாய முறை. ரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றி, மேலே தெளிகிற மஞ்சள் நீரை எடுத்து ஒரு நீலச் சாயத்தில் விடுவோம். மெக்னீசியம் இருந்தால் சாயம் செந்நீலமாக மாறும். எவ்வளவு மாறியது என்று மெஷின் ஒளியை விட்டு அளக்கும். தேனியில் சாயம் கிடையாது, நொதி முறை. மெஷினும் ஒரு கட்டில் அளவுக்குப் பெரிது. மெஷின் பெரிதாக இருந்தால் அதற்கு வாய்மையும் பெரிதாக இருக்கும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது.

முதலாளி ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். இருபது பேரின் ரத்தத்தை ஆளுக்கு இரண்டு குழாயில் எடுத்தேன். ஒன்றை உடனே சுழற்றி எங்கள் சாயத்தில் பார்த்தேன். இன்னொன்றைத் தேனிக்கு அனுப்பினேன். மூடி திறந்த குழாயைத் தேனிக்காரர்கள் வாங்க மாட்டார்கள். அதனால் நீரைப் பிரிக்காமல், ரத்தமாகவே, மஞ்சப்பையில் போட்டுக் கண்டக்டர் கையில் கொடுப்பேன். கூட்டத்தில் நசுங்கக் கூடாது என்று அவர் அதை டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பெட்டி மேலே வைப்பார். உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று சூட்டில் குலுங்கிக்கொண்டே போகும். தேனியில் அதை மறுநாள் காலையில்தான் சுழற்றுவார்கள்.

இருபது ஜோடி எண்களையும் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கோடு அழகாக வந்தது, அத்தை. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தேனி நம்மைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இவ்வளவு ஒழுங்காகக் கூடினால் அது முறைக்கு முறை உள்ள வித்தியாசம்தான் என்று முடிவு கட்டினோம். முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு லேப்பும் ஒண்ணு போல வரணும்மா. சனம் நம்மளத்தான சந்தேகப்படுது. ஃபேக்டர மாத்திரு." ஃபேக்டர் என்பது மெஷினில் நாம் போடுகிற பெருக்கல் எண். அளந்தது எதுவாக இருந்தாலும் அந்த எண்ணால் பெருக்கித்தான் ரிப்போர்ட் வரும். நாலு பட்டனை அழுத்தி அதைக் கூட்டினேன். இதோ, இந்த விரலால்தான். சண்டை நின்றுபோனது. எங்களுக்கு நிம்மதி.

அந்த நிம்மதிக்கு நடுவில்தான் உங்கள் ரத்தம் வந்தது.

நீங்கள் போன மூன்றாம் மாதம், ஒரு நோயாளியின் குழாயைச் சுழற்றாமல் ஸ்டாண்டிலேயே மறந்து வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அவருக்கு மெக்னீசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. முதல் நாளே எடுத்துப் பார்த்த இன்னொரு குழாயில் அப்படி இல்லை. அங்கனயே எனக்குப் பிடிபட்டது. ரத்தத்தின் சிவப்பணுவுக்குள் மெக்னீசியம் நீரில் இருப்பதைவிட அதிகம். அணு கசிந்தாலோ உடைந்தாலோ அது நீரில் வந்து சேரும். டிப்ளமோ முதல் வருடப் பாடம் இது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் என் ரத்தத்தையே எடுத்தேன். பல்லால் ரப்பர் பட்டையைக் கடித்து இழுத்துக் கையில் கட்டிக்கொண்டு இரண்டு குழாய். ஒன்றை உடனே சுழற்றினேன். இன்னொன்றைத் தேனி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். தேனியில் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். "யாருகிட்டயும் வேணாம்ணே. போய்ட்டுத் திரும்பக் கொண்டாங்க" என்றேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாமியார் செத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். நினைத்தது தப்பில்லை.

பஸ்ஸில் போய்வந்த ரத்தத்தை ஒரு இரவு வைத்திருந்து காலையில் சுழற்றினேன். நீர் லேசாகச் சிவந்திருந்தது. பழைய ஃபேக்டரைப் போட்டு இரண்டையும் அளந்தேன். லேபிலேயே இருந்த ரத்தத்தில் 1.9. பஸ்ஸில் போய்வந்ததில் 2.5. அதே உடம்பு, அதே சாயம், அதே மெஷின். நாங்கள் முறையோடு முறையை ஒப்பிடவே இல்லை, அத்தை. புது ரத்தத்தையும் குலுங்கிக் கெட்ட ரத்தத்தையும் ஒப்பிட்டோம். கெட்டதுதான் சரி என்று முடிவு செய்து, நல்லதைத் திருத்தினோம்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. என்னோடு படித்த ஒருத்தி மதுரையில் இருக்கிறாள். அங்கே ஒரு மெஷின், நீரைத் தீயில் எரித்து அதன் வழியாக ஒளியை விட்டு மெக்னீசியத்தை எண்ணும். எல்லா முறைக்கும் அதுதான் உரைகல் என்பார்கள். பிரித்தெடுத்த என் ரத்த நீரை ஐஸில் வைத்து அனுப்பினேன். 1.9 என்றாள். கெஞ்சிக் கேட்டுப் பார்க்க வைத்தபோது, தேனிக்காரர்களின் நொதியும் பிரித்த நீரில் அதையேதான் சொன்னது. சாயம், நொதி, தீ மூன்றும் ஒரே பேச்சுதான் பேசின. எங்கள் பழைய எண் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மெஷின் காட்டுகிற ஒளி அளவை ரெஜிஸ்டரில் பென்சிலால் குறித்து வைப்பது என் பழக்கம். உங்கள் பக்கத்தைத் திறந்தேன். பழைய ஃபேக்டரால் பெருக்கினேன். 1.2. மூன்று தரம் பெருக்கினேன். மூன்று தரமும் 1.2.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். உங்கள் சாவுக்கு மாலையோடு வந்து நின்று அழுத மனுஷன். "ஃபேக்டரப் பழையபடி மாத்திக்க. ஆனா முடிஞ்சதப் பத்தி வாயத் தொறக்காத. போனவுக திரும்பி வரவா போறாக?" என்றார். நான் அவரிடம் சண்டை போட்டேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. போடவில்லை. அந்தப் பேச்சு எனக்கும் வசதியாக இருந்தது. ஃபேக்டரை மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, உங்கள் மகனுக்குத் தோசை சுட்டுப் போட்டேன்.

அதற்குப் பிறகு அருள்மேரி வாரம் ஒரு தரம் எனக்குப் போன் செய்கிறாள். சந்தேகப்பட்டதற்கு ஈடாக நினைக்கிறாள் போல. மொச்சை விளைந்தால் கொடுத்தனுப்புகிறாள். அம்மாவுக்கு அடுத்து எனக்கு நீங்கள்தான் மதினி என்கிறாள். இதையெல்லாம் ஒன்பது மாதம் வாங்கித் தின்றிருக்கிறேன். எனக்குச் செரித்தது என்பதுதான் ஆச்சரியம்.

போன மாதம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் எதற்கு, என் வயதுதான் இருக்கும். பொட்டாசியம் பார்க்க வேண்டும், மருந்து குடித்தும் ஏற மாட்டேனென்கிறதாம். பேசப் பேச அவள் கட்டைவிரல் தானாகத் துடித்தது. மெக்னீசியமும் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினாள். "அது வேணாம்க்கா. போன வருசமே நார்மல்தான். நீங்கதான பாத்தீக" என்றாள். கீழே என் கையெழுத்து.

அவள் வேண்டாம் என்றும் விடாமல் பார்த்தேன். 1.3. நானே கூட நடந்துபோய் டாக்டரம்மாவிடம் உட்கார வைத்தேன். மெக்னீசியம் ஊசி போட்டார்கள், அவள் தின்றுகொண்டிருந்த கேஸ் மாத்திரையை நிறுத்தினார்கள். பத்தாம் நாள் அந்தப் பெண் ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு வந்து நின்றாள். பொட்டாசியம் ஏறிவிட்டது, விரல் நின்றுவிட்டது, நல்லாத் தூங்குகிறேன் என்றாள். அவள் பிழைத்துக்கொண்டாள், அத்தை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நான் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். அந்த ஊசி உங்களுக்குப் போட்டிருந்தால்? போட்டும் போயிருப்பீர்களோ? இதற்கு எந்த முறையிலும் விடை கிடையாது. அதுதான் என்னைத் தின்கிறது.

அன்றே ரெஜிஸ்டரை எடுத்து, ஃபேக்டர் தப்பாக இருந்த மாதங்களின் பக்கங்களையெல்லாம் திரும்பப் பெருக்கினேன். நீங்கள் போக, மெக்னீசியம் குறைவாக இருந்தும் நார்மல் என்று அனுப்பப்பட்டவர்கள் பதினோரு பேர். கூடைக்காரி அதில் ஒருத்தி. மற்றவர்களுக்குப் போன் போட்டேன். எட்டுப் பேர் திரும்ப வந்து பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எடுக்கவே இல்லை. கெங்குவார்பட்டியில் ஒரு வீட்டில் மகன் எடுத்தான். அப்பா தவறிப்போய் நாலு மாதம் ஆகிறது என்றான். எதனால் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் ஃபேக்டரைப் பழையபடி மாற்றிய அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் அவரே போனை எடுத்திருப்பார். என் வாய்க்கு அந்த மாதங்களெல்லாம் என்ன வேலை இருந்தது?

நான் போன் போட்ட விஷயம் முதலாளிக்குப் போய்விட்டது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்கள் மகன், வேலை போனதற்காக நான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வேறு லேபா கிடைக்காது என்று சமாதானம் சொல்கிறார். அவர் நல்லவராக இருக்க இருக்க எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. நான் செய்ததை இன்று சாயங்காலம் அவரிடம் சொல்லப்போகிறேன். அவர் என்ன செய்வார் என்று என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், பெற்றவர் நீங்கள்.

கடைசி நாள் லேபை விட்டு வருவதற்கு முன்னால் ஒரு திருத்திய ரிப்போர்ட் அடித்தேன். உங்கள் பெயர், வயது, ரத்தம் எடுத்த தேதி. மெக்னீசியம் 1.2, குறைவு. முன்னால் கொடுத்த அறிக்கை தவறு என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆள் இல்லாத ரத்தத்துக்கு இதுவரை யாரும் ரிப்போர்ட் திருத்தியதில்லை.

பூசை வரை காத்திருக்க மாட்டேன், அத்தை. நாளைக்கு முதல் பஸ்ஸில் தேனி போய், அங்கிருந்து கடமலைக்குண்டு போவேன். அந்தத் தாளை அருள்மேரி கையில் கொடுப்பேன். எப்போது தெரியும் என்று கேட்பாள். ஒன்பது மாதம் என்பேன். அப்புறம் ஒன்று கேட்பாள், அது எனக்கு இப்போதே காதில் விழுகிறது: "அப்ப ஏன் மதினி, என்னைய மன்னிப்புக் கேட்டவளாவே விட்டு வச்சீக?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கிடைத்த பிறகு போகலாம் என்றுதான் இத்தனை மாதம் ஓட்டினேன். இனி பதில் இல்லாமலே போவேன். அவள் அடித்தாலும், கதவைச் சாத்தினாலும், கொடுக்காமல் திரும்ப மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களுக்குப் பொய்யாக நார்மல் எழுதிக் கொடுத்த,
உங்கள் மருமகள்
லீமா